யூத இனப்படுகொலையை ஏன் மறக்கக் கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் ஜனவரி 27, நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களை உலகம் நினைவுகூரும் நாள். அதையொட்டித் தமிழில் யார் எதை எழுதினாலும், பேசினாலும் சில கேள்விகள் தவறாமல் வரும். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பவர்கள் உண்டு. கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் இங்கே என்னால் முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

ஹோலோகாஸ்ட் என்று எதைச் சொல்கிறோம்?

1933 முதல் 1945 வரை ஜெர்மனியை ஆண்ட நாஜி அரசும் அதற்குத் துணைபோனவர்களும் ஐரோப்பாவின் யூதர்களை அடியோடு ஒழிக்க முயன்று, சுமார் 60 லட்சம் பேரைக் கொன்றதைத்தான். எபிரேய மொழியில் இதை ஷோவா என்பார்கள். போருக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் போர் முடிந்தபோது உயிரோடு இல்லை. கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய 15 லட்சம் பேர் குழந்தைகள்.

இவர்கள் இரண்டு படைகளுக்கு நடுவே சிக்கி இறந்தவர்கள் அல்ல. வீடு வீடாகத் தேடி, பட்டியல் போட்டு, ஊர் ஊராக ரயிலேற்றிக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டவர்கள். யூதராகப் பிறந்தது ஒன்றே காரணம்.

திடீரென்று ஒரு நாளில் தொடங்கியதா?

இல்லை. இதைத்தான் எல்லோரும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமர் பதவிக்கு வந்தார். ஏப்ரல் 1 அன்று யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி வாசலில் ஆட்களை நிறுத்தினார்கள். அதே மாதம் யூதர்கள் அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1935இல் நியூரம்பெர்க் சட்டங்கள் அவர்களின் குடியுரிமையைப் பறித்தன. யூதரும் மற்ற ஜெர்மானியரும் திருமணம் செய்துகொள்ளத் தடை வந்தது. 1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுக்க ஜெபாலயங்கள் எரிந்தன, கடைகள் நொறுக்கப்பட்டன, சுமார் 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அப்புறம் அந்தச் சேதத்துக்காக யூதர்கள் மீதே நூறு கோடி மார்க் அபராதம் விதித்தார்கள்.

1939இல் போலந்து மீது படையெடுப்பு. யூதர்களைச் சுவருக்குள் அடைக்கும் கெட்டோக்கள். 1941 ஜூனில் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொல்வது தொடங்கியது. கீவ் நகரை ஒட்டிய பாபின் யார் பள்ளத்தாக்கில் செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் 33,771 யூதர்களைக் கொன்றதாகக் கொலைப்படையே தலைமைக்கு அறிக்கை அனுப்பியது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே ஏரிக்கரை மாளிகை ஒன்றில் 15 அதிகாரிகள் கூடி, ஐரோப்பா முழுவதிலும் உள்ள யூதர்களை என்ன செய்வது என்று சுமார் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கூட்டக் குறிப்பில் நாடு வாரியாக யூதர்களின் எண்ணிக்கை இருக்கிறது. அங்கே இருந்தவர்களில் பாதிக்கும் மேல் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

ஒரு சிறு விவரம் சொல்கிறேன். கொலைமுகாம்களுக்கு ஆட்களைக் கொண்டுபோக ஜெர்மன் ரயில்வே கட்டணம் வசூலித்தது. மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டர் கணக்கில். பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அரை டிக்கெட். நான்கு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. கணக்கு எழுதிய குமாஸ்தா ஒருவரையும் கையால் கொல்லவில்லை. தன் வேலையைப் பிழையில்லாமல் செய்தார், அவ்வளவுதான். அத்தனை அலுவலகங்களிலும் அப்படி ஆட்கள் இருந்ததால்தான் இது நடந்தது.

60 லட்சம் என்ற எண்ணை எப்படிச் சொல்கிறார்கள்?

பெரும்பகுதி கொன்றவர்களின் காகிதங்களிலிருந்தே. கொலைப்படை அதிகாரி யேகர் எழுதிய, 1941 டிசம்பர் 1 தேதியிட்ட அறிக்கை லிதுவேனியாவில் கொல்லப்பட்டவர்களைத் தேதி, ஊர், ஆண், பெண், குழந்தை என்று பிரித்துக் கூட்டி, 1,37,346 என்று மொத்தம் போடுகிறது. 1943 ஜனவரியில் ஹோஃப்லே என்ற அதிகாரி அனுப்பிய ரகசியத் தந்தி, பெல்ஷெட்ஸ், சோபிபோர், ட்ரெப்ளிங்கா, மைதானெக் ஆகிய முகாம்களுக்கு 1942 இறுதிவரை வந்து சேர்ந்தவர்கள் 12,74,166 பேர் என்கிறது. இவற்றோடு ரயில் பட்டியல்களையும் போருக்கு முன்னும் பின்னும் எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். தனித்தனியாகச் செய்த ஆய்வுகள் எல்லாமே 60 லட்சத்தை ஒட்டித்தான் வந்து நிற்கின்றன.

80 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் ஏன் நினைக்க வேண்டும்?

ஏனென்றால், மறக்கடிப்பதும் அந்தக் கொலைத் திட்டத்தின் ஒரு பகுதி. 1943 அக்டோபரில் போசன் நகரில் தன் அதிகாரிகளிடம் பேசிய, எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் தலைவர் ஹிம்லர், யூதர்களை ஒழிப்பது நம் வரலாற்றில் எழுதப்படாத, இனியும் எழுதப்படக் கூடாத புகழ்ப் பக்கம் என்றார். அதற்கு முன்பே தனிப்படை அமைத்து, புதைகுழிகளைத் தோண்டி உடல்களை எரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ட்ரெப்ளிங்காவில் எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கொன்றபின் முகாமைப் பிரித்து, நிலத்தை உழுது, விதைத்து, பண்ணைவீடு கட்டி ஒரு குடும்பத்தைக் குடிவைத்தார்கள். வருபவர்களுக்கு வயல் மட்டுமே தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

கொல்லப்பட்டவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. போலந்துத் தலைநகர் வார்சாவின் கெட்டோவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்து வைத்திருந்த 1940இல், இமானுவேல் ரிங்கெல்ப்ளம் என்ற வரலாற்றாசிரியர் சில டஜன் ஆட்களைச் சேர்த்து ஒரு ரகசிய ஆவணக் குழு தொடங்கினார். சனிக்கிழமைகளில் கூடியதால் யித்திஷ் மொழியில் ‘ஒய்னெக் ஷாபெஸ்’, அதாவது ஓய்வுநாள் மகிழ்ச்சி, என்று பெயர். ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய் உறை, பள்ளிக் குழந்தைகளின் கட்டுரை, பசியால் இறப்பவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்பு, கஞ்சித்தொட்டி வரிசையில் காதில் விழுந்த பேச்சு என்று எதையும் விடவில்லை. ஹெல்ம்னோ கொலைமுகாமிலிருந்து தப்பி வந்த ஒருவரின் வாக்குமூலத்தையும் எழுதி வாங்கினார்கள். அவர்கள் வெளியே கடத்திய செய்தி லண்டனை எட்டி, 1942 ஜூனில் பிபிசி வானொலியில் ஒலித்தது.

1942 ஜூலையில் ட்ரெப்ளிங்காவுக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கியபோது, சேர்த்ததையெல்லாம் தகரப் பெட்டிகளில் போட்டு ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் புதைத்தார்கள். பின்னர் மேலும் ஒரு பகுதியைப் பால் கேன்களில் புதைத்தார்கள். புதைத்தவர்களில் ஒருவரான தாவித் கிராபருக்கு அப்போது 19 வயது. உலகத்தை நோக்கிக் கத்த முடியாததை மண்ணில் புதைக்கிறோம் என்று எழுதி அதையும் உள்ளே வைத்தார். குழுவில் போருக்குப் பின் மிஞ்சியவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவரான ராக்கேல் அவுயர்பாக், தோண்டி எடுத்தே ஆக வேண்டும் என்று விடாமல் வலியுறுத்திக்கொண்டே இருந்தார். 1946 செப்டம்பரில் இடிபாடுகளுக்கு அடியில் முதல் பகுதி கிடைத்தது. 1950 டிசம்பரில் கட்டடத் தொழிலாளர்கள் கையில் இரண்டாவது சிக்கியது. மூன்றாவது இன்றுவரை கிடைக்கவில்லை. ரிங்கெல்ப்ளத்தை 1944 மார்ச்சில் மனைவி, மகனோடு கொன்றுவிட்டார்கள்.

அதனால் ‘ஏன் நினைக்க வேண்டும்’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள்தான் முன்னால் வருகிறார்கள். சாகப்போகிறோம் என்று தெரிந்தும் ரேஷன் அட்டையைப் பத்திரப்படுத்தியவர்கள் நம்மிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்று நாம் யோசிப்பதற்கு முன்பே அவர்கள் கேட்டுவிட்டார்கள்.

எல்லா நினைவிடங்களிலும் பெயர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

60 லட்சம் என்பதை மனசால் பிடிக்க முடியாது. ஒரு பெயரைப் பிடிக்கலாம். எருசலேமில் 1953இல் சட்டம் போட்டு அமைத்த யாத் வஷேம் நினைவகம், உறவினர்களும் தெரிந்தவர்களும் நிரப்பித் தந்த படிவங்களையும் மற்ற ஆவணங்களையும் கொண்டு சுமார் 50 லட்சம் பெயர்களை மீட்டிருக்கிறது. எஞ்சியவர்களில் பலருக்குப் படிவம் நிரப்பக்கூட ஆள் மிச்சமில்லை. குடும்பத்தோடு, சில இடங்களில் ஊரோடு அழிந்தார்கள்.

ஜெர்மனி நகரங்களின் நடைபாதையில் உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகடுகள் பதிந்திருக்கும். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை. ‘இங்கே வாழ்ந்தவர்’ என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன நாள், கொல்லப்பட்ட இடம். அவர்கள் விரும்பிக் குடியிருந்த கடைசி வீட்டின் வாசலில்தான் பதிப்பார்கள். படிக்க வேண்டுமானால் குனிய வேண்டும். 2023இல் இவை ஒரு லட்சத்தைத் தாண்டின.

யூதர்கள் ஏன் எதிர்த்துப் போராடவில்லை?

போராடினார்கள். 1943 ஏப்ரல் 19 அன்று வார்சா கெட்டோவில் சில நூறு இளைஞர்கள் கைத்துப்பாக்கிகளோடும் கையால் செய்த குண்டுகளோடும் எழுந்து, ஏறக்குறைய நான்கு வாரம் தாக்குப்பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ட்ரெப்ளிங்காவிலும் அக்டோபரில் சோபிபோரிலும் கைதிகள் கிளர்ந்தெழுந்து தப்பினார்கள். 1944 அக்டோபர் 7 அன்று போலந்தில் இருந்த அவுஷ்விட்ஸ் கொலைமுகாமில் ஒரு எரியூட்டுக்கூடத்தை நாசம் செய்தார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ராணுவப் பயிற்சி பெற்ற சோவியத் போர்க்கைதிகள் சுமார் 30 லட்சம் பேர் ஜெர்மானியர் பிடியில் பட்டினியாலும் குண்டாலும் இறந்தார்கள். அவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. கைக்குழந்தையோடும் நடக்க முடியாத அம்மாவோடும் நின்ற குடும்பங்களிடம் மட்டும் கேட்கிறோம்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

பெரும்பாலும் கதவைச் சாத்தின. 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளுக்காக இரக்கப்பட்டன. பெரிய எண்ணிக்கையில் ஏற்க முன்வந்தது டொமினிக்கன் குடியரசு மட்டுமே. 1939இல் 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு போன செயின்ட் லூயிஸ் கப்பலைக் கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் ஏற்காததால் அது ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் இருந்தவர்களில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. 1943 அக்டோபரில் டென்மார்க் மக்கள் சுமார் 7,200 யூதர்களை மீன்பிடிப் படகுகளில் ஸ்வீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். லிதுவேனியாவில் ஜப்பானியத் துணைத் தூதர் சியூனே சுகிஹாரா மேலிட உத்தரவை மீறி ஆயிரக்கணக்கில் விசா எழுதித் தந்தார். யூதர்களைக் காப்பாற்றிய யூதரல்லாதவர்கள் என்று யாத் வஷேம் 28,000க்கும் மேற்பட்டவர்களை அங்கீகரித்திருக்கிறது.

ஹிட்லர் ஆங்கிலேயர்களின் எதிரிதானே? நமக்கு நல்லது நினைத்தவர் இல்லையா?

நம் ஊரில் கண்டிப்பான தலைமையாசிரியரை ‘ஹிட்லர்’ என்போம். ‘இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வரணும்’ என்று டீக்கடையில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இந்தியா வேறு யாரிடமும் போவதைவிட ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருப்பதைத்தான் விரும்புவேன் என்று ஹிட்லர் தன் நூலில் எழுதியிருக்கிறார். இந்தியர்கள் அவர் கண்ணில் தாழ்ந்த இனம். சுபாஷ் சந்திர போஸ் 1942 மே மாதம் அவரை நேரில் சந்தித்தும், இந்திய விடுதலையை ஆதரிக்கும் வெளிப்படையான அறிவிப்பை அவர் தரவில்லை.

‘எல்லா யூதர்களையும் கொன்றிருப்பேன், ஏன் கொன்றேன் என்று உலகம் தெரிந்துகொள்ளச் சிலரை விட்டுவைத்தேன்’ என்று ஹிட்லர் சொன்னதாக ஒரு வாட்ஸ்அப் படம் அடிக்கடி சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. அவர் யாரையும் விட்டுவைக்கவும் இல்லை. தோல்வி உறுதியான 1944 கோடையில்கூட ஹங்கேரியிலிருந்து எட்டு வாரத்தில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை ரயிலேற்றினார்கள். தயவுசெய்து அந்தப் படத்தை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

இந்தியாவுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. ஆகாசவாணியின் காலை நிலைய இசை பலருக்கு நினைவிருக்கும். அதை அமைத்தவர் என்று பரவலாகக் குறிப்பிடப்படுபவர் வால்டர் காஃப்மன். கார்ல்ஸ்பாத் நகரில் பிறந்த யூதர். 1934இல் பம்பாய்க்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே இருந்தார். 1933இல் பெர்லினில் அரசு வேலையை இழந்த கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். பின்னர் புவனேஸ்வர் நகரத்துக்குத் திட்டம் வரைந்தார். இப்படி வந்து பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

யூதர்கள் மட்டும்தான் கொல்லப்பட்டார்களா?

இல்லை. ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்; அவர்களுக்கு ஆகஸ்ட் 2 நினைவுநாள். மாற்றுத்திறனாளிகளை ஜெர்மனியின் சொந்த மருத்துவர்களே மருத்துவமனைகளில் கொன்றார்கள். விஷவாயு அறை முதலில் பயன்பட்டது அங்கேதான். போலந்து மக்கள், சோவியத் கைதிகள், தன்பால் ஈர்ப்பாளர்கள், யெகோவாவின் சாட்சிகள் என்று பட்டியல் நீளும். யூதர்களை நினைப்பது இவர்களை ஒதுக்குவது ஆகாது.

எங்கள் இழப்பையே உலகம் கேட்கவில்லை. நாங்கள் ஏன் யூதர்களுக்காக அழ வேண்டும்?

ஈழத்தமிழர் பலர் இதைக் கேட்கிறார்கள். அதில் உள்ள வலி நியாயமானது. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எழுப்பிய நினைவுத்தூபியை 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்த பின்பே திரும்பக் கட்டினார்கள். நினைவை அழிப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். இன்று தமிழர்கள் நீதி கேட்டு எடுத்துக்காட்டும் சர்வதேசச் சட்டம் எங்கிருந்து வந்தது? ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் தன் பெற்றோர் உட்பட 49 உறவினர்களை இழந்தவர். ஐ.நா. தாழ்வாரங்களில் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு பிரதிநிதியாகப் பிடித்து மன்றாடினார். 1948 டிசம்பர் 9 அன்று இனப்படுகொலைக்கு எதிரான உடன்படிக்கை நிறைவேறியது. முதல் உலகப் போர்க்காலத்தில் ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்கள் கொன்று குவிக்கப்பட்டதைப் படித்த இளம் வயதிலேயே, ஒரு இனத்தை அழிப்பவர்களைத் தண்டிக்கச் சட்டம் இல்லையா என்ற கேள்வி அவருக்கு எழுந்துவிட்டது. தன் மக்களுக்காக மட்டும் அவர் அந்த உடன்படிக்கைக்குப் பாடுபடவில்லை.

இதை நினைவுகூர்ந்தால் இஸ்ரேல் அரசை ஆதரிப்பதாகிவிடாதா? காஸாவைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

ஆகாது. 1942இல் ட்ரெப்ளிங்காவில் கொல்லப்பட்ட வார்சா தையல்காரரோ அவருடைய பேத்தியோ 1948இல் பிறந்த ஒரு அரசின் செயல்களுக்குப் பொறுப்பாளி அல்ல. காஸாவின் குழந்தைகளுக்காக வெகுண்டு எழுவதும் வார்சாவின் குழந்தைகளை நினைப்பதும் ஒரே மனசில் இருக்க முடியும். இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா இஸ்ரேலுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனதும் லெம்கின் பாடுபட்ட அதே உடன்படிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டுதான்.

ஒரு அரசைக் கடுமையாக விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது. ‘ஹிட்லர் செய்தது சரி’ என்பது யூத வெறுப்பு. அந்த வரி எந்தப் பாலஸ்தீனக் குழந்தைக்கும் உதவுவதில்லை.

இது நடக்கவே இல்லை என்பவர்களுக்கு என்ன பதில்?

1945 ஏப்ரல் 12 அன்று ஓர்ட்ரூஃப் முகாமைப் பார்த்த அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர், இதெல்லாம் பிரசாரம் என்று பின்னாளில் யாராவது சொன்னால் நேரில் சாட்சி சொல்லவே வேண்டுமென்று வந்து பார்த்தேன் என்று மேலிடத்துக்கு எழுதினார். அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுப்பவர்களின் வாதம் நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. தன்னை மறுப்பாளர் என்று எழுதியதற்காக டேவிட் இர்விங் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், டெபோரா லிப்ஸ்டாட் என்ற பேராசிரியர் மீது லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். ஆவணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த நீதிபதி, இர்விங் ஆதாரங்களை வேண்டுமென்றே திரித்தார் என்று 2000 ஏப்ரலில் தீர்ப்பளித்தார்.

இப்போது புதுத் தொல்லை ஒன்று. செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய ‘அவுஷ்விட்ஸ்’ படங்களைக் கண்ணீர்க் கதையோடு முகநூலில் போடுகிறார்கள். 2025இல் அவுஷ்விட்ஸ் நினைவகமே இதைக் கண்டித்தது. நல்ல எண்ணத்தில் பகிர்ந்தாலும் கெடுதல்தான்: ஒரு படம் பொய் என்று தெரிந்ததும் உண்மையான படத்தையும் சந்தேகிப்பார்கள்.

ஜனவரி 27 ஏன்? ஏப்ரலிலும் ஒரு நாள் உண்டே?

1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை அவுஷ்விட்ஸை விடுவித்தது. அங்கே கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம். உயிரோடு கிடைத்தவர்கள் சுமார் 7,000. 2005இல் ஐ.நா. அதை உலக நினைவுநாளாக அறிவித்தது. இஸ்ரேலில் வார்சா எழுச்சியையொட்டி, ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ வரும் எபிரேய நாட்காட்டித் தேதியில் அனுசரிக்கிறார்கள். காலை பத்து மணிக்குச் சங்கு ஒலிக்கும். நெடுஞ்சாலையில் போகிறவர்களும் வண்டியை நிறுத்தி இறங்கி நிற்பார்கள்.

குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

பிணக்குவியல் படங்களைக் காட்டாதீர்கள். பயம் மட்டும்தான் மிஞ்சும். ஒரு குழந்தையின் வாழ்க்கையிலிருந்து தொடங்குங்கள். பிராகுக்கு அருகில் தெரெசின் கெட்டோவில் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர் குழந்தைகளுக்கு ரகசியமாக வரையக் கற்றுக்கொடுத்தார். கிடைத்த பழைய காகிதம், ஒட்டுத்தாள் எல்லாம் படத்தாள் ஆயின. கைதி எண் வேண்டாம், பெயரை எழுது என்று ஒவ்வொருவரையும் கையெழுத்திடச் சொன்னார். பட்டாம்பூச்சி, வீடு, மேஜை, பூச்சாடி. 1944 அக்டோபரில் அவரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள், அவர் திரும்பவில்லை. இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்த சுமார் 4,500 ஓவியங்கள் பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலானோர் இல்லை.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த ஓவியங்களைக் காட்டலாம். கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்லுங்கள். மீதியை வளர வளர அவர்களே தேடிப் படிப்பார்கள்.

நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

2024 தொடக்கத்தில் உலகம் முழுக்கச் சுமார் 2,45,000 பேர். பெரும்பாலோர் அப்போது குழந்தைகளாக இருந்தவர்கள். அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். பதிவான குரல்களைக் கேட்பதும் மொழிபெயர்ப்பதும் நம் தலைமுறையின் வேலை. தமிழில் இந்த வேலை மிகக் குறைவாகவே நடந்திருக்கிறது.

நான் எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரு ஊரைத் தேர்ந்தெடுங்கள். யாத் வஷேம், வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம் இரண்டின் தளங்களும் இலவசம். பெயரையும் ஊரையும் போட்டுத் தேடலாம். எனக்குக் கேட்டால் கிரேக்கத்தின் தெசலோனிகியைச் சொல்வேன். ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டு வந்த யூதர்கள் 400 ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்பானிய மொழியிலிருந்து வந்த லதினோ மொழி பேசி வாழ்ந்த துறைமுக நகரம். சுமை தூக்குபவர்களும் படகோட்டிகளும் யூதர்களாக இருந்ததால் ஒரு காலத்தில் சனிக்கிழமைகளில் துறைமுகத்துக்கே விடுமுறை. 1943இல் சில மாதங்களில் 40,000க்கும் அதிகமானவர்களை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஊரின் பாட்டு, சமையல், பத்திரிகைகள், தொழிற்சங்கம் பற்றி முதலில் படியுங்கள். அப்புறம் 1943க்கு வாருங்கள்.